சுழியமும் ஒன்றும் கோத்த கைகள்

நூல் என்ற சொல்லுக்குத் தமிழில் இழை, புத்தகம் என இரு பொருள். நன்னூல் பாயிரத்தில் இவ்விரண்டையும் இணைக்கும் உவமை ஒன்று உண்டு: சொல் பஞ்சு, அறிவு கதிர், புலவன் நூல் நூற்கும் பெண். உவமையில் பெண்ணுக்கு இடமுண்டு. நூலாசிரியன் என்ற பெயர் புலவனுக்கு. கணினி வரலாற்றிலோ இது உவமை அல்ல. அங்கே பெண்கள் உண்மையாகவே கம்பியைக் கோத்து எண்களை எழுதினார்கள்.

1960களில் அப்பல்லோ விண்கலங்களுக்கான வழிகாட்டுக் கணினியை எம்.ஐ.டி. வடிவமைத்தது. ரேதியான் நிறுவனம் அதை மாசசூசெட்ஸின் வால்தம் நகரில் தயாரித்தது. நிரல் முழுவதும் சிறு காந்த வளையங்களிலும் மெல்லிய கம்பிகளிலும் பதிந்தது. கம்பி வளையத்துக்குள் நுழைந்தால் 1. விலகிப் போனால் 0. ஒரு கணினிச் சொல்லுக்கு 16 பிட்டுகள்: 15 தரவுக்கு, ஒன்று பிழை சரிபார்க்க. இப்படி 36,864 சொற்கள். பெருக்கிப் பாருங்கள், 5,89,824 முறை உள்ளேயா வெளியேயா என்ற கேள்வி.

ஊசி எங்கே நுழைய வேண்டும் என்பதைத் துளைநாடாவில் இயங்கிய இயந்திரம் காட்டியது. கோத்தது பெண்களின் கை. ஒரு தொகுதியைக் கோத்து முடிக்க வாரக்கணக்கில் ஆனது. முடிந்தபின் திருத்துவது மிகக் கடினம். நிலவுக்குச் சென்ற மனிதர்களின் உயிர் அந்தக் கோப்பின் துல்லியத்தையும் நம்பியிருந்தது. ஆனால் பொறியாளர்கள் அந்த நினைவகத்துக்கு வைத்த செல்லப்பெயர் ‘குட்டிக் கிழவி நினைவகம்’.

15 பிட்டில் அடங்காத எண்ணை இரண்டு சொற்களாகப் பிரித்தார்கள். உயர்பகுதி முதலில், தாழ்பகுதி அடுத்து. வரிசை பிறழ்ந்தால் எண்ணே வேறு: 12, 34 என்ற துண்டுகள் 1234 ஆகலாம், 3412உம் ஆகலாம். பைட்டுகளை அடுக்குவதிலும் இதே சிக்கல் எழுந்தது. ஐ.பி.எம். 360 உயர் பைட்டை முதலில் வைத்தது, பி.டி.பி.-11 தாழ் பைட்டை முதலில் வைத்தது. முட்டையை எந்த முனையில் உடைப்பது என்று போரிடும் மனிதர்களை ஜோனதன் ஸ்விஃப்ட் 1726இல் ‘கலிவரின் பயணங்க’ளில் படைத்திருந்தார். 1980இல் டேனி கோஹன் அந்தப் பகடியிலிருந்து இரு தரப்புக்கும் ‘பெரு முனை’, ‘சிறு முனை’ என்று பெயரிட்டார். இன்றும் பாடநூல்களில் அவையே வழங்குகின்றன.

பொறியாளர்களின் பிணக்குக்கு இலக்கியத்திலிருந்து பெயர் கிடைத்தது. எண்களைக் கோத்தவர்களுக்குக் கேலிப்பெயர். இயந்திரம் காட்டிய இடத்தில் கோத்தது எழுத்தாகுமா என்று கேட்பவர்கள் உண்டு. ஓலையில் பிறர் பாட்டைப் படியெடுத்தவரை ‘ஏடெழுதியவர்’ என்றுதானே சொல்கிறோம்? அந்த வினைச்சொல்லை வால்தம் பெண்களுக்கும் தருவோம். அவர்கள் எழுதினார்கள்.