நாலாயிரம் ரூபாயும் ஒரு ட்ரங்குப் பெட்டியும்

தம்மம்பட்டின்னா பலருக்கும் மரச்சிற்பம்தான் ஞாபகம் வரும். எனக்கு எங்க அம்மாயியோட ட்ரங்குப் பெட்டி.

சிங்கப்பூர்ல வேலை பார்க்கிற என் ஃப்ரெண்ட், ஊர்ல இருக்கிற அப்பாவுக்கு போன்லயே பணம் அனுப்புறான். 2023 பிப்ரவரியில் யுபிஐயும் பேநவ்வும் இணைஞ்சதால வந்த வசதி. எங்க தாத்தா காலத்துல கதையே வேற.

19ஆம் நூற்றாண்டுல கங்காணிகள் சேலம், திருச்சி ஜில்லா கிராமங்கள்ல இருந்து இலங்கை மலைத்தோட்டங்களுக்கு ஆள் கட்டிட்டுப் போனாங்க. கூலிக்கு முன்னாடியே கடன். தோட்டம் மாறணும்னா அந்தக் கடன் தொகையை எழுதின ஒரு சீட்டு வேணும், பேரு 'துண்டு'. புது தோட்டம் அந்தக் கடனை அடைச்சாத்தான் ஆளை விடுவாங்க. 1921ல்தான் அதைச் சட்டம் போட்டு ஒழிச்சாங்க.

அப்புறம் 1964 அக்டோபர் 30. சாஸ்திரியும் சிறிமாவோவும் ஒப்பந்தம் போட்டாங்க. நாடற்றவங்க 9,75,000 பேர்ல 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மிச்சம் 1,50,000 பேரைப் பத்தி அப்புறம் பேசிக்கலாம்னு. (1974ல் அதையும் பாதிப் பாதியாப் பிரிச்சாங்க.) இந்த எண்கள் எல்லா புத்தகத்துலயும் இருக்கும். நான் பார்க்கச் சொல்றது பணத்தைப் பத்தின பிரிவை. சேமநிதி, பணிக்கொடை உட்பட சொத்தை எடுத்துட்டுப் போகலாம், ஆனா அந்நியச் செலாவணிச் சட்டத்துக்கு உட்பட்டு. ஒரு குடும்பத்துக்கான உச்சவரம்பை 4,000 ரூபாய்க்குக் கீழ இறக்கக்கூடாது. கவனிங்க, 4,000 தருவோம்னு யாரும் சொல்லல. வரம்பு வைக்கலாம், அது இதுக்குக் கீழ போகாது, அவ்வளவுதான். மூணு தலைமுறை கொழுந்து பறிச்ச குடும்பத்துக்கு!

அந்தப் பணத்துக்கு இங்க என்ன மதிப்புங்கிறது நீங்க எப்ப கிளம்புறீங்கங்கிறதைப் பொறுத்தது. 1966 ஜூன் வரைக்கும் ரெண்டு ரூபாயும் சமம். இந்தியா மதிப்பைக் குறைச்சதும் நூறு இலங்கை ரூபாய்க்குக் கணக்குப்படி ஏறக்குறைய 157 இந்திய ரூபாய். 1967 நவம்பர்ல இலங்கையும் குறைச்சதும் அது 126. பெருங்கூட்டம் கப்பல் ஏறினதெல்லாம் அதுக்கப்புறம்தான். கப்பலும் தனுஷ்கோடிக்குப் போகல. ஒப்பந்தம் ஆகி ரெண்டு மாசம் முடியறதுக்குள்ள புயல் அந்த ஊரையே அழிச்சிருச்சு. அதனால ராமேஸ்வரம்.

தாத்தா பசுவையும் தையல் மெஷினையும் வந்த விலைக்கு வித்துட்டு, 1972ல் மண்டபம் முகாம்ல வந்து இறங்கினார். திரும்பி வந்தவங்களுக்காகவே மத்திய அரசு 1969ல் ரெப்கோ வங்கியைத் தொடங்கியிருந்தது. இன்னைக்கு நகைக்கடன் வாங்கப் போற பலருக்கு அந்தப் பேர்ல இருக்கிற 'ரெப்' யாருன்னு தெரியாது.

அம்மாயியோட சேமநிதி மட்டும் வரவே இல்ல. செக்ரோல்ல தோட்டத்துல கூப்பிட்ட பேர், பாஸ்போர்ட்ல அப்பன் வெச்ச பேர். தாத்தா எழுதிட்டே இருந்தார். பெட்டியில சிங்களத்துல ஒரு பதில் கடிதம் கிடந்தது. வீட்ல யாருக்கும் படிக்கத் தெரியாது. பணம் கிடையாதுன்னு எழுதியிருக்காங்கன்னே நினைச்சு மடிச்சு வெச்சுட்டாங்க.

போன மாசம் கொழும்புல இருக்கிற ஒரு தோழிக்கு அதை போட்டோ எடுத்து அனுப்பினேன். ரெண்டு வரிதான். உறுப்பினர் எண்ணைக் குறிப்பிட்டு மறுபடியும் விண்ணப்பிக்கவும்னு இருந்ததாம்.

அந்த எண் தாத்தாவோட பழைய டைரியில, முதல் பக்கத்துலயே இருக்கு.