பிஜிக் கரும்பும் பள்ளத்து நெல்லும்

பாரதியாரின் ‘பிஜித் தீவிலே ஹிந்து ஸ்திரீகள்’ என்னும் பாடலால் அத்தீவைத் தமிழுலகம் கண்ணீர் நிலமாகவே அறியும். பின்னாளில் அந்நிலம் அடைந்த மாற்றம் நம்மிடையே அதிகம் பேசப்படவில்லை.

1879 முதல் 1916 வரை ஒப்பந்தக் கூலிகளாக அங்குச் சென்ற இந்தியர் அறுபதாயிரத்துக்கும் மேற்பட்டோர். 1903 முதல் சென்னையிலிருந்தும் கப்பல்கள் சென்றன. பாரதியார் மறைவதற்கு முந்தைய ஆண்டில், 1920 சனவரியில், அவ்வொப்பந்தங்கள் நீக்கப்பட்டன. ஆளின்றித் தவித்த சி.எஸ்.ஆர். என்னும் ஆஸ்திரேலியச் சர்க்கரைக் குழுமம், தன் பெருந்தோட்டங்களைப் பத்துப் பன்னிரண்டு ஏக்கர்த் துண்டுகளாக்கிக் குத்தகைக்கு விட்டது.

கரும்பு மண்ணின் சத்தை உறிஞ்சும் பயிர். ஆதலின் மறுதாம்பும் வெட்டி முடிந்த வயலில் பயற்றினக் கொடிகளை வளர்த்து, அவற்றை மடக்கி உழுவர். வேர்முடிச்சுகள் சேர்த்த தழைச்சத்து அடுத்த நடவுக்கு உரமாகும். இது ஆலையின் வேளாண் அறிவு. குடியானவர் கவலையோ வேறு. விலை குறிப்பது ஆலை. பணம் வருவது வெட்டுக்குப் பின்னர். இடைப்பட்ட மாதங்களில் அடுப்பெரியப் பள்ளத்தில் நெல்லும், மேட்டில் துவரையும் மக்காச்சோளமும் வேண்டியிருந்தன.

1941-இல் ‘மகா சங்கம்’ என்னும் கரும்பு விவசாயிகள் அமைப்பை ஏ.டி. பட்டேலுடன் தோற்றுவித்தவர், தென்னிந்திய சன்மார்க்க ஐக்கிய சங்கத்தின் வேண்டுகோளால் பிஜி சென்ற இராமகிருஷ்ண மடத்துத் துறவி சுவாமி ருத்ரானந்தர். 1943-இல் விலை போதாதென்று விவசாயிகள் கரும்பு வெட்ட மறுத்தனர். மாதக்கணக்கில் நீண்ட அப்போராட்டத்தில் அவர்களைத் தாங்கியதில் பள்ளத்து நெல்லுக்கும் மேட்டுத் துவரைக்கும் பங்கிருந்திருக்கும் என்றே கருதத் தோன்றுகிறது.