சுமைப்பணிக் காயங்கள் – பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்கள்

சரக்கை ஏற்றும்போதோ, இறக்கும்போதோ, கொண்டுசேர்க்கும்போதோ தொழிலாளிக்கு ஏற்படும் உடற்சேதம் சுமைப்பணிக் காயம் எனப்படும். லாரி ஓட்டுநர், கிளீனர், லோடுமேன், கரும்பு டிராக்டர் ஓட்டுநர், வீடுதோறும் பொட்டலம் கொடுக்கும் இருசக்கர வாகன ஊழியர் ஆகிய அனைவரும் இதற்கு ஆளாகின்றனர். திருச்சிராப்பள்ளியிலிருந்து 1995இல் பிரிந்த பெரம்பலூர் மாவட்டமும், பெரம்பலூரிலிருந்து 2001இல் பிரிந்து, 2002இல் மீண்டும் அதனுடன் இணைந்து, 2007இல் நிலையாகத் தனித்த அரியலூர் மாவட்டமும் பரப்பில் சிறியவை. சரக்குப் போக்குவரத்தில் பெரியவை.

அரியலூரின் சரக்கு சுண்ணாம்புக்கல்லும் சிமெண்டும். அண்டையிலுள்ள டால்மியாபுரத்தில் 1939இல் சிமெண்ட் ஆலை வந்தது. தமிழக அரசின் அரியலூர் ஆலை 1979இல் தொடங்கியது. பின்னர் கோவிந்தபுரம், ரெட்டிப்பாளையம், கீழப்பழுவூர், தாமரைக்குளம் ஆகிய இடங்களிலும் தனியார் ஆலைகள் எழுந்தன. பெரம்பலூரில் மக்காச்சோளம், பருத்தி, சின்ன வெங்காயம், கல்குவாரி ஜல்லி, எறையூர் சர்க்கரை ஆலைக்குப் போகும் கரும்பு ஆகியவை முதன்மையானவை. சென்னை–திருச்சி நெடுஞ்சாலை இம்மாவட்டத்தின் ஊடே செல்கிறது.

காய வகைகள்

ஆலைக்குள் சிமெண்ட் மூட்டையை லாரியில் ஏற்றுவது பெரும்பாலும் இயந்திரம். கடையிலும் கட்டட மனையிலும் அதை இறக்குவது மனிதத் தோள். ஒரு மூட்டை 50 கிலோ. பத்து டன் லோடு என்றால் 200 மூட்டை. நான்கு பேர் இறக்கினால் ஆளுக்கு இரண்டரை டன். சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 1967இல் வெளியிட்ட பரிந்துரை, வளர்ந்த ஆண் ஒருவர் வழக்கமாகச் சுமக்கும் பளுவுக்கு 55 கிலோவை உச்சவரம்பாக்கியது. இந்த அளவுகோலின்படி சிமெண்ட் மூட்டை பாதுகாப்பானது. ஆனால் அமெரிக்காவின் தேசியப் பணிப்பாதுகாப்பு, உடல்நல நிறுவனம் 1991இல் வகுத்த கணக்கில், எல்லாச் சூழலும் சாதகமாக இருந்தால்கூட ஒருவர் தூக்கத்தக்கது 23 கிலோ மட்டுமே. இரண்டாவது அளவே சரியானது. மூட்டைக்கு இவ்வளவு என்று கூலி பேசும் வேலையில் யாரும் நின்று மூச்சு வாங்குவதில்லை. உடலைத் திருப்பியபடியே சுமை ஏற்பதால் இடுப்புத் தட்டுகள் பிதுங்குகின்றன, குடலிறக்கம் வருகிறது.

சிமெண்டால் தோலும் பாதிக்கப்படுகிறது. வியர்வையில் நனைந்த சிமெண்ட் கடும் காரமாகிக் கழுத்தையும் தோளையும் அரித்துப் புண்ணாக்கும்; அதிலுள்ள குரோமியம் நீங்காத ஒவ்வாமையை ஏற்படுத்தும். லோடின் மேல் ஏறித் தார்ப்பாய் கட்டும்போது கயிறு அறுந்து விழுதல், பின்னோக்கி வரும் லாரிக்கும் சுவருக்கும் இடையே நசுங்குதல், தூக்கிய டிப்பர் பாடி மின்கம்பியில் உரசுதல் ஆகியவை உயிரைப் பறிக்கும் வகைகள்.

இழப்பீட்டுச் சட்டம்

வேலையில் ஏற்பட்ட காயத்துக்கு முதலாளி பணம் தர வேண்டும் என்ற கோட்பாடு ஜெர்மனியில் 1884இலும் பிரிட்டனில் 1897இலும் சட்டமானது. இந்தியாவில் 1855ஆம் ஆண்டின் உயிரிழப்பு விபத்துச் சட்டம் இருந்தபோதும், பிறர் தவற்றை நிரூபித்தால்தான் அதன்கீழ் பணம் கிடைக்கும். 1923இல் இயற்றப்பட்டு 1924 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டம் அந்தச் சுமையை நீக்கியது. காயம் வேலையிலிருந்தும் வேலையின் போக்கிலும் எழுந்தது என்று காட்டினால் போதும். தொழிலாளி அசட்டையாக இருந்தார் என்பது மட்டும் முதலாளிக்குத் தற்காப்பாகாது. 2009ஆம் ஆண்டுத் திருத்தம் இதன் பெயரைப் பணியாளர் இழப்பீட்டுச் சட்டம் என்று மாற்றியது. வாகனத்தில் சரக்கு ஏற்றி இறக்குவோரும் இதன் இரண்டாம் அட்டவணையில் அடங்கினர்.

அச்சட்டத்தின் முதல் அட்டவணை உடலை விழுக்காடாகப் பிரித்தது. இரு கைகளும் போனால் 100, கட்டைவிரல் போனால் 30, ஒரு கையின் நான்கு விரல்கள் போனால் 50, மறு கண் நன்றாயிருக்க ஒரு கண்ணை இழந்தால் 40. மாத ஊதியத்தில் 60 விழுக்காட்டை வயதுக்கேற்ற காரணியால் பெருக்கினால் முழு ஊனத்துக்கான தொகை வரும். உறுப்பின் விழுக்காடு அதிலிருந்து கணக்கிடப்படும். 2020 ஜனவரியில் ஊதிய உச்சவரம்பு 15,000 ரூபாயாக்கப்பட்டது. நாற்பது வயதுக்குரிய காரணி 184.17. எனவே அந்த வயதில் கட்டைவிரலை இழந்த லோடுமேனுக்கு இந்த வரம்புப்படி 4,97,259 ரூபாயும், இறப்புக்குரிய தனி விழுக்காட்டின்படி இறந்தவரின் குடும்பத்துக்கு 13,81,275 ரூபாயும் உரியனவாக இருந்தன. தொகை ஒரு மாதத்துக்குள் வராவிட்டால் அச்சட்டப்படி 12 விழுக்காடு வட்டி சேர்ந்தது.

பிதுங்கிய இடுப்புத் தட்டும் குடலிறக்கமும் இந்தப் பட்டியலில் இல்லை. சுமைதூக்குவோருக்கு மிகுதியாக வரும் நோய்கள் இவையே. பட்டியலில் இல்லாத காயத்துக்கு, உழைப்புத் திறன் எவ்வளவு குறைந்தது என்று மருத்துவர் மதிப்பிட்டுச் சான்று தர வேண்டும். ஒரே நாளில் விரல் துண்டானவருக்குத் தேதி உண்டு, சாட்சி உண்டு. பதினைந்து ஆண்டுகளில் இடுப்பு தேய்ந்தவருக்கு விபத்து நடந்த நாளே கிடையாது. அவரது கோரிக்கை தோற்பது இங்கேதான்.

முதலாளி யார்

லோடுமேன்கள் சங்கமாகவோ, கொத்தாகவோ, மேஸ்திரி வழியாகவோ வேலைக்கு வருவதால், தங்கள் ஆள் அல்ல என்று கடைக்காரரும் லாரி உரிமையாளரும் கைகழுவுவதுண்டு. 1923ஆம் ஆண்டுச் சட்டத்தின் 12ஆம் பிரிவின்படி, தன் தொழிலின் பகுதியான வேலையை ஒப்பந்தக்காரரிடம் விட்டவரே இழப்பீடு தரக் கடமைப்பட்டிருந்தார். கொடுத்தபின் அதை ஒப்பந்தக்காரரிடமிருந்து அவர் மீட்டுக்கொள்ள முடிந்தது. சாலை விபத்து என்றால் 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் கீழும் கோரலாம். இரண்டில் ஒன்றையே தேர்ந்தெடுக்க முடியும்.

இன்றைய நிலை

உடலுழைப்புத் தொழிலாளர் நல வாரியத்தில் லோடுமேன்கள் பதிவு செய்யலாம். வீட்டுக்குப் பொருள் கொண்டுவரும் இணையவழி ஊழியர்களுக்குத் தனி நல வாரியம் அமைக்கப்படும் என்று 2023 ஆகஸ்ட் 15 அன்று முதலமைச்சர் அறிவித்தார், வாரியமும் அமைந்தது. அரியலூரில் அரசு மருத்துவக் கல்லூரி 2022இல் திறக்கப்பட்டது. 1923ஆம் ஆண்டுச் சட்டம் 2020ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புத் தொகுப்பில் சேர்க்கப்பட்டது; தொகுப்பு 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்தது. உறுப்பிழப்புப் பட்டியல் அதில் நான்காம் அட்டவணையாக இடம்பெற்றுள்ளது. இடுப்புத் தட்டையும் குடலிறக்கத்தையும் அதில் சேர்ப்பது உடனே செய்யப்பட வேண்டிய திருத்தம்.