செம்மறியாட்டுக் கருமுட்டை முதிர்ப்பில் ஹார்மோன்கள்

சைதாப்பேட்டை ஆடுதொட்டி போன்ற இடங்களில் கழிவாகப் போகும் சூலகங்களில் முதிராத கருமுட்டைகள் ஏராளம். அவற்றை ஆய்வகத்தில் முதிரவைக்க, டிசிஎம்-199 என்ற வளர்ப்பு ஊடகத்தில் எஃப்எஸ்எச், எல்எச், எஸ்ட்ராடையால் ஆகிய ஹார்மோன்களைச் சேர்த்து, 5% கார்பன் டை ஆக்சைடில், ஏறத்தாழ 39 டிகிரி செல்சியஸில், 24 மணி நேரம் வைப்பது வழக்கம். வெளியே எடுத்த முட்டை ஹார்மோன் இல்லாமலே குன்றல் பிரிவைத் தொடரும் என்று பின்கஸும் என்ஸ்மனும் 1935-இலேயே முயலில் காட்டிவிட்டார்களே, பிறகு இந்த ஹார்மோன்கள் எதற்கு என்று கேட்கலாம். குன்றல் பிரிவு தொடர்வது உட்கருவின் முதிர்ச்சி; அது மட்டும் போதாது. சைட்டோபிளாசமும் முதிர்ந்தால்தான் கரு வளரும். எஃப்எஸ்எச் பட்டதும், முட்டையை இறுகச் சூழ்ந்த கியூமுலஸ் செல்கள் ஹையலுரோனிக் அமிலம் சுரந்து பஞ்சாக விரிவதை நுண்ணோக்கியில் தெளிவாகப் பார்க்கலாம். ஆகவே எஃப்எஸ்எச் முதன்மையானது. கியூமுலஸ் செல்களில் எல்எச் ஏற்பிகள் குறைவு என்பதால், எல்எச்சை எஃப்எஸ்எச்சுக்கு இணையாகக் கருத முடியாது. ஊடகத்தில் சேர்க்கப்படும் சீரத்திலேயே ஹார்மோன்கள் உண்டு. எனவே சீரம் கலந்த ஊடகத்தில், ஹார்மோன் சேர்க்காத ஒப்பீட்டுக் குழு இல்லாமல் சொல்லப்படும் பலனை ஏற்கக் கூடாது.