கடாரத்துத் தோட்டப் பள்ளிகளும் கற்பிக்கும் கருவிகளும்

மெர்போக் ஆறு கடலோடு கலக்கும் முகத்துவாரத்தில், கருவாட்டுக்கும் பெலாச்சானுக்கும் பெயர்பெற்ற மீனவர் குடியிருப்பாகத் தஞ்சோங் டாவாய் அமைந்திருக்கிறது. அங்கிருந்து கிழக்கே, பூஜாங் பள்ளத்தாக்கையும், இன்று ஏய்ம்ஸ்ட் பல்கலைக்கழகம் நிற்கும் செமிலிங்கையும், பீடோங்கையும் கடந்து சுங்கைப்பட்டாணி வரை விரிந்து கிடக்கும் பிரதேசத்திலேதான், சென்ற நூற்றாண்டின் தொடக்கத்தில் காடழித்து ரப்பர் நட்ட நம்மவர்களின் லயங்கள் எழுந்தன. 1025ஆம் ஆண்டில் இராசேந்திர சோழனின் கடற்படை வென்ற கடாரம் இதுவே என்று சரித்திரம் படித்தவர்கள் பெருமையோடு சுட்டுவார்கள். அந்தப் பெருமை நியாயமானதே. ஆயினும் இதே மண்ணில் கூலிக்கு வந்த ஏழைகளின் குழந்தைகள் எழுத்தறிந்த தோட்டப் பள்ளிக்கூடங்களின் சரித்திரத்தில் நாம் காட்டும் சிரத்தை மிகவும் சொற்பம். கணினியையும் இணையத்தையும் கொண்டு வகுப்பறைக் கல்வியை அபிவிருத்தி செய்வது பற்றி எங்கும் பேச்சாயிருக்கும் இக்காலத்தில், இப்பள்ளிகளுக்குள் ஒன்றன்பின் ஒன்றாக வந்துசேர்ந்த உபகரணங்கள் எவற்றைச் சாதித்தன, எங்கே தவறின என்று ஆராய்வது மிகுந்த பிரயோஜனம் உடையதாகும்.

கெடா 1909ஆம் ஆண்டில் சயாமின் மேலாதிக்கத்திலிருந்து ஆங்கிலேயர் வசம் வந்தது. ஏழு முதல் பதினான்கு வயது வரையுள்ள பிள்ளைகள் பத்துப் பேர் இருக்கும் தோட்டத்தில் பள்ளிக்கூடம் வைக்க வேண்டும் என்ற நியதியை 1912ஆம் ஆண்டின் தொழிற்சட்டம் கொண்டுவந்தது. அச்சட்டம் கூட்டு மலாய் நாடுகளுக்கென ஏற்பட்டதாயினும், அதில் சேராத கெடாவிலும் தோட்டப் பள்ளி என்னும் வழக்கம் காலக்கிரமத்தில் வேரூன்றிற்று. பள்ளி என்று சொல்வதே அதிகம்: பல இடங்களில் அது ஒரு கொட்டகை; உபாத்தியாயர் எழுதப் படிக்கத் தெரிந்த கங்காணியோ, கிராணி என்னும் எழுத்தரோ ஆவார்; பிள்ளைகளோ விடியற்காலைப் பெரட்டு என்னும் ஆள்கணக்கெடுப்புக்குத் தாய் தகப்பனோடு எழுந்து, ரப்பர்ப் பால் கோப்பை கழுவியும் புல் பிடுங்கியும் களைத்தபின் பாடத்துக்கு உட்கார்ந்தவர்கள்.

அக்கொட்டகையில் இருந்த ஒரே சாதனம் சிலேட்டு. மரச்சட்டமிட்ட அந்தக் கரும்பலகையின் அருமையை நாம் சரியாக மதிப்பிட்டதில்லை. வாத்தியார் மனக்கணக்கு ஒன்றைச் சொல்வார். பிள்ளைகள் குச்சியால் விடையெழுதிச் சிலேட்டைக் கவிழ்த்து மடியில் வைத்துக்கொள்வார்கள். "காட்டு" என்றதும் எல்லாச் சிலேட்டுகளும் ஒருசேர உயரும். அந்தக் கணத்தில், யாருக்குக் கணக்கு விளங்கிற்று, யார் கடன்வாங்கிக் கழிப்பதில் இடறினான், யார் அடுத்தவனைப் பார்த்து எழுதினான் என்பதெல்லாம் வாத்தியாரின் ஒரே பார்வைக்குள் வந்துவிடும். குழந்தையின் மனத்தில் இருப்பதை ஆசிரியருக்குக் காட்டும் கருவியாகச் சிலேட்டு இருந்தது. பிற்காலத்தில் வந்த எந்த உபகரணத்தையும் இந்த அளவுகோலைக் கொண்டே அளக்க வேண்டும் என்பது என் திடமான அபிப்பிராயம்.

யுத்தத்துக்குப் பின், 1946இல் மலாயா வானொலி ஸ்தாபிக்கப்பட்டது; 1972ஆம் ஆண்டு ஜூன் 19ஆம் நாள் கல்வித் தொலைக்காட்சி ஆரம்பமாயிற்று. பட்டணத்துப் பள்ளிகள் இவற்றை வரவேற்ற காலத்தில், தோட்டப் பள்ளிகளுக்கு வேறொரு கஷ்டம் இருந்தது. அநேகத் தோட்டங்களில் மின்சாரம் என்பது கம்பெனியின் ஜெனரேட்டர் தரும் வெளிச்சமே. அது பொழுது சாய்ந்தபின் சில மணி நேரம் ஓடி, இரவில் நின்றுவிடும். வகுப்பு நடக்கும் பகல் நேரத்தில் கம்பியில் உயிரிராது. அப்படியிருக்கத் தொலைக்காட்சிப் பெட்டி வந்துதான் என்ன செய்யும்? கருவியைப் பற்றிப் பேசுவோர் அதற்கு முன்னே வரவேண்டிய கம்பியையும் கூரையையும் பற்றிப் பேசுவது அபூர்வம்.

இக்குறைக்கு மூலகாரணம் நிலம். பள்ளி நின்ற மண் தோட்ட நிர்வாகத்துக்குச் சொந்தம். ஆகவே அப்பள்ளி அரசாங்கத்தின் முழு உதவிக்கு உரியதாகாமல், பகுதி உதவி பெறும் பள்ளியாகவே நின்றது. ஆசிரியரின் சம்பளத்தை அரசாங்கம் கொடுத்தது; கட்டடத்துக்கும் அதனுள் அமைய வேண்டிய சௌகரியங்களுக்கும் பள்ளி வாரியமும் பெற்றோர் ஆசிரியர் சங்கமும் பணம் திரட்ட வேண்டியதாயிற்று. இதற்கிடையே, ஐம்பதுகளின் பிற்பகுதியிலும் அறுபதுகளிலும் ஆங்கிலக் கம்பெனிகள் தோட்டங்களை விற்க, வாங்கியவர்கள் அவற்றைத் துண்டாடினார்கள். அந்தத் துண்டாடலைத் தடுக்கவே அமைச்சராயிருந்த துன் சம்பந்தன் 1960இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைக் கண்டார். கெடாவின் புக்கிட் சீடிம் தோட்டம் அச்சங்கத்தின் கைக்கு வந்தது. ஆயினும் அநேகத் தோட்டங்கள் சிதறின. குடும்பங்கள் சுங்கைப்பட்டாணிக்கும் பட்டர்வொர்த்துக்கும் பெயர்ந்தன. பிள்ளைகள் குறைந்த பள்ளிகள் மூடப்பட்டன, அல்லது இடம் மாறின. சுதந்திரம் பெற்றபோது நாட்டில் 900க்குச் சற்றுக் குறைவாயிருந்த தமிழ்ப்பள்ளிகள் இன்று 530 அளவில் நிற்கின்றன. கெடாவில் ஏறத்தாழ 60.

கணினி யுகம் இந்த நிலையிலேதான் வந்து கதவைத் தட்டிற்று. 1996இல் அறிவிக்கப்பட்ட பல்லூடகப் பெருவழித் திட்டத்தின் அங்கமாக, கணினிவழிக் கற்பிக்கும் விவேகப் பள்ளிகள் தோன்றின. பரீட்சார்த்தமாகத் தேர்ந்தெடுக்கப்பட்ட ஏறக்குறைய 90 பள்ளிகளில் பெரும்பாலானவை இடைநிலைப்பள்ளிகள். கணினி பரவலாகத் தமிழ்ப்பள்ளிகளை எட்டியது 2003இல், கணிதத்தையும் அறிவியலையும் ஆங்கிலத்தில் கற்பிக்க வேண்டும் என்ற கொள்கையோடு. ஆசிரியர்களுக்கு மடிக்கணினியும், சுவரில் படம் காட்டும் ஒளிபடக் கருவியும், குறுந்தட்டில் பதித்த பாடங்களும் கொடுக்கப்பட்டன. பாடம் வண்ணமயமாயிருந்தது, இதயம் துடிப்பதும் கோள்கள் சுழல்வதும் சுவரிலே தெரிந்தன. ஆனால் வீட்டில் தமிழையன்றி வேறு பாஷை கேளாத முதலாம் ஆண்டுக் குழந்தை, தனக்கு விளங்கியதையும் விளங்காததையும் ஆங்கிலத்தில் எப்படிச் சொல்லும்? எல்லாக் கண்களும் சுவரை நோக்கியிருக்க, குழந்தையின் மனம் ஆசிரியருக்கு மறைந்தே போயிற்று. சிலேட்டு செய்த காரியத்தை அந்தச் சுவர் செய்யவில்லை. 2012 முதல் அக்கொள்கை படிப்படியாகக் கைவிடப்பட்டது.

இக்கொள்கைக்கு முன்பிருந்தே, அரசாங்கத் திட்டங்களுக்குப் புறம்பாக, நம் எழுத்து கணினிக்குள் குடியேறிக்கொண்டிருந்தது என்பதை நன்றியோடு நினைக்க வேண்டும். மலேசியராகிய முத்து நெடுமாறன் 1985இல் முரசு அஞ்சல் செயலியை உருவாக்கினார். 2001இல் தமிழ் இணைய மாநாடு கோலாலம்பூரில் கூடியது. 2005இல் செல்லினம் என்னும் செயலி கைப்பேசிக்குள் தமிழைக் கொண்டுவந்தது. தோட்டத்துக் குழந்தை தன் விடையைத் தன் பாஷையில் தட்டச்சுச் செய்யும் சாத்தியம் இவற்றால் பிறந்தது. இந்த அஸ்திவாரம் இல்லாதிருந்தால், பின்னால் வந்த கருவிகள் எத்தனை உயர்ந்தவையாயினும் நம் வகுப்பறையில் ஊமையாகவே இருந்திருக்கும்.

2011இல் தொடங்கிய ஒன்பெஸ்தாரிநெட் திட்டம் நாட்டின் 10,000 பள்ளிகளுக்கு இணையத்தையும் ஒரு மெய்நிகர் கற்றல் தளத்தையும் கொடுக்க முற்பட்டது. மிகப் பெரிய பிரயத்தனம் அது. எனினும் 2013ஆம் ஆண்டுக்கான தலைமைத் தணிக்கையாளரின் அறிக்கை, அத்தளத்தின் உபயோகம் 5 விழுக்காட்டுக்கும் கீழே கிடந்ததை எடுத்துக் காட்டிற்று. 2019இல் அத்திட்டம் முடிந்து, மறு ஆண்டு டெலிமா என்னும் தளம் வந்தது.

2020ஆம் ஆண்டு மார்ச் 18ஆம் நாள் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை அமலாகிப் பள்ளிகள் பூட்டப்பட்டபோது, முன்பு செய்த திட்டங்களெல்லாம் நிஜமான பரீட்சைக்கு வந்தன. இயங்கலை வகுப்புக்கு வீட்டிலிருந்த ஒரே கைப்பேசி தகப்பனாரோடு வேலைக்குப் போய்விடும். அவர் திரும்பியபின் மூன்று பிள்ளைகள் அதைப் பங்கிட்டுக்கொள்ள வேண்டும். மலைச்சரிவிலும் செம்பனைக் காட்டின் நடுவிலும் அலைவரிசை கிடைப்பது துர்லபம். ஆசிரியர்கள் கண்டுபிடித்த உபாயம் எளிமையானது: புலனத்தில் (வாட்ஸ்அப்பில்) பாடத்தை அனுப்பி, வாசிப்பைக் குழந்தையின் குரலிலேயே பதிவு செய்து இரவில் அனுப்பச் சொன்னார்கள். வகுப்பில் பின்வரிசையில் ஒடுங்கியிருந்து, உரக்க வாசிக்க நாணிய பெண்குழந்தையின் குரல், ரகர றகரம் தடுமாறும் இடம் உட்பட, ஆசிரியையின் செவிக்குத் தனியே வந்தது. நூறு ஆண்டுகளுக்கு முன் சிலேட்டு செய்த தொண்டை இந்தச் சிறு ஒலிப்பதிவு மறுபடியும் செய்தது. கோடிக்கணக்கில் செலவழித்த தளங்கள் செய்யாததைச் செய்தது.

இன்று இப்பகுதியின் சிறிய பள்ளிகளில் கூட்டு வகுப்புகள் நடப்பதுண்டு. இரண்டு ஆண்டு மாணவர்களை ஓர் ஆசிரியரே ஒரே அறையில் நடத்துகிறார். ஒரு சாராருக்கு அவர் விளக்கும்போது, மறு சாரார் தட்டைக்கணினியில் பயிற்சி செய்ய, யார் எந்தக் கேள்வியில் தவறினார் என்ற விவரம் அவர் திரையில் வந்து நிற்பது, அவருக்கு இன்னொரு ஜோடிக் கண்கள் கிடைத்ததற்கு ஒப்பாகும். ஆகவே எண்ணியல் கருவிகளால் மிக அதிக நன்மை பெறக்கூடியவை இந்தச் சிறு பள்ளிகளே என்று நான் நிச்சயமாக நம்புகிறேன்.

இப்பள்ளிகளில் படித்துப் பட்டணத்தில் நல்ல ஸ்திதியில் இருக்கும் பழைய மாணவர்களுக்கும் பள்ளி வாரியத்தாருக்கும் ஒரு விண்ணப்பம். கணினி அறை திறப்பு விழாவுக்குப் பணம் கொடுக்குமுன், அந்த அறையின் மின்கம்பியைப் புதுப்பிக்கவும், பழுது பார்ப்பவருக்கு ஆண்டுதோறும் கூலி கொடுக்கவும், இரண்டு ஆசிரியர்களைப் பயிற்சிக்கு அனுப்பவும் அப்பணத்தில் சரிபாதியை ஒதுக்கிவையுங்கள். பள்ளி நிலத்தைப் பள்ளியின் பெயருக்கு மாற்றித் தரும்படி தோட்ட நிர்வாகத்தையும் அரசாங்கத்தையும் விடாமல் கேளுங்கள்.