விதையில் கை வைக்காதே!

கொல்லிமலை செம்மேட்டுக்குப் போயிருக்கிறீர்களா? 70 கொண்டை ஊசி வளைவுகள் ஏறிப் போனால், வல்வில் ஓரி சிலையாக நிற்கும் ஊர். சுற்றுவட்டாரக் கிராமங்களில் சாமை, தினை அறுத்தால் விதைக்கென்று தனியே எடுத்து வைப்பது வழக்கம். மிச்சம்தான் சாப்பாட்டுக்கு. மரவள்ளிக் கிழங்கு காசு தர ஆரம்பித்ததும் சாமை சுருங்கியது, விதையும் அருகியது. 1990களில் அங்கே வேலையை ஆரம்பித்த எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம், விதை வங்கி அமைக்க உதவ வேண்டிவந்தது.

கம்ப்யூட்டருக்கும் இதே சட்டம்தான். கரண்ட் வந்ததும் அதை எழுப்பிவிடும் குட்டி புரோகிராமுக்குப் பூட் லோடர் என்று பெயர். அது விதை. உங்கள் படம், பாட்டு, கணக்கு வழக்கைப் பார்த்துக்கொள்வது ஃபைல் சிஸ்டம். அது சாப்பாட்டுப் பானை.

ஆதியில் விதை, அழிக்கவே முடியாத தனி சிப்பில் இருந்தது. 1984-ல் ஜப்பானின் தோஷிபா கம்பெனியைச் சேர்ந்த ஃபுஜியோ மசுவோகா, ஃபிளாஷ் மெமரியை உலகுக்கு அறிவித்தார். கரண்ட் போனாலும் மறக்காது. அழித்து எழுதவும் செய்யலாம். விதையையும் சாப்பாட்டையும் ஒரே சிப்பில் போட்டால் ஒரு சிப்பின் காசு மிச்சம். வியாபாரி விடுவாரா?

சிக்கல் இங்கேதான். ஃபிளாஷில் ஒற்றை எழுத்தை மட்டும் அழிக்க முடியாது. ஒரு பிளாக்கை மொத்தமாகத்தான் அழிக்கவேண்டும். லோடரும் ஃபைலும் ஒரே பிளாக்கில் இருந்து, அழித்த நிமிஷம் பார்த்து கரண்ட் போனால்? தீர்ந்தது கதை. 1999 ஏப்ரல் 26 அன்று சிஐஹெச் வைரஸ் காட்டியது இதைத்தான். பிசிக்களின் ஃபிளாஷில் இருந்த பயாஸில் குப்பையை எழுதியது. அடிபட்ட பல பிசிக்கள், சிப்பை மாற்றும்வரை எழுந்திருக்கவே இல்லை.

ஆகவே வரப்பு போட்டார்கள். 2001-ல் பெங்களூரில் அறிமுகமான சிம்ப்யூட்டர் ஞாபகமிருக்கிறதா? ஹார்ட் டிஸ்க் கிடையாது, சகலமும் ஃபிளாஷில். இம்மாதிரிக் கருவிகளில் சில பிளாக்குகளை லோடருக்கென்று ஒதுக்கிப் பூட்டிவிட்டு, மீதியை மட்டும்தான் ஃபைல் சிஸ்டத்தின் கண்ணில் காட்டுவார்கள்.

வரப்பு மட்டும் போதுமா? போதாது. 2004 ஜனவரியில் செவ்வாயில் இறங்கிய நாசாவின் ஸ்பிரிட், மூன்றே வாரத்துக்குள் மௌனமானது. காரணம், ஃபிளாஷில் சேர்ந்துபோன எக்கச்சக்க ஃபைல்கள். எழும்போதே ஃபைல் சிஸ்டத்தைத் திறந்தாக வேண்டும் என்பது ஏற்பாடு. திறக்க மெமரி போதவில்லை. விழுந்தது, எழுந்தது, மறுபடி விழுந்தது. 60 தடவைக்கு மேல்! கடைசியில், 'ஃபிளாஷைத் தொடாமல் எழுந்திரு' என்று பூமியிலிருந்து கட்டளை போனது. எழுந்தது. வேண்டாத ஃபைல்களைத் துடைத்து, ஃபைல் சிஸ்டத்தைப் புதிதாக அமைத்தார்கள். 90 நாள் உழைத்தால் போதும் என்று அனுப்பிய அந்த வண்டி, 2010 மார்ச் வரை பேசிக்கொண்டிருந்தது.