சகாலின்: ஒப்பந்தமும் திமிங்கிலமும்

1994-ல் ரஷ்யாவின் கஜானா காலி. சோவியத் ஒன்றியம் உடைந்து மூன்று வருடம்கூட ஆகவில்லை. ஜப்பானுக்கு வடக்கே, சகாலின் தீவை ஒட்டிய கடலடியில் எண்ணெயும் எரிவாயுவும் நிறைய இருந்தது. எடுப்பதற்குப் பணமும் இல்லை, உறைகிற கடலில் அதைச் செய்யும் தொழில்நுட்பமும் இல்லை. அந்த வருடம் கையெழுத்தானதுதான் சகாலின்-2 ஒப்பந்தம். பிற்பாடு அதில் ஷெல்லுக்கு 55 சதவீதம், ஜப்பானின் மிட்சுயிக்கு 25, மிட்சுபிஷிக்கு 20. ரஷ்ய நிறுவனம் ஒன்றுகூட இல்லை.

விஷயம் ஒரு ஷரத்தில் இருந்தது. கம்பெனிகள் போட்ட முதலைத் திரும்ப எடுத்த பிறகுதான் அரசுக்கு லாபத்தில் பங்கு. அதுவரை சின்ன ராயல்டி மட்டும். 2005-ல் ஷெல் ஒரு குண்டைப் போட்டது: செலவு 1,000 கோடி டாலர் இல்லை, 2,000 கோடி. அதாவது அரசின் பங்கு இன்னும் பல வருடம் தள்ளிப்போகும். இதற்குள் எண்ணெய் விலை ஏறி, மாஸ்கோவின் கையில் பணம் புரள ஆரம்பித்திருந்தது.

2006 செப்டம்பரில் இயற்கைவள அமைச்சகம் சுற்றுச்சூழல் அனுமதியை ரத்து செய்தது. சால்மன் மீன்கள் முட்டையிடும் ஆறுகளைக் குழாய்ப் பாதை நாசமாக்குகிறது என்றார்கள். பொய்யில்லை. அந்த ஆறுகளுக்காகவும், அங்கே இரை தேடி வரும் அழிவின் விளிம்பிலுள்ள சாம்பல் திமிங்கிலங்களுக்காகவும் சூழலியலாளர்கள் பல வருடமாகக் கத்திக்கொண்டிருந்தார்கள். அப்போது யாரும் காதுகொடுக்கவில்லை.

டிசம்பரில் அரசு நிறுவனமான காஸ்ப்ரோம் 745 கோடி டாலருக்குப் பாதிப் பங்கோடு ஒரு பங்கு கூடுதலாக வாங்கியது. ஷெல்லின் பங்கு பாதியாகக் குறைந்தது. அதோடு சுற்றுச்சூழல் பிரச்சினையும் அடங்கிப்போனது. வேலை தொடர்ந்தது, 2009-ல் எரிவாயுவைத் திரவமாக்கும் ஆலையும் திறக்கப்பட்டது.

இந்தக் கதையை இரண்டு விதமாகச் சொல்கிறார்கள்: 'அப்பாவி கம்பெனியை அரசு கொள்ளையடித்தது', 'அரசு தன் சொத்தை மீட்டது'. இரண்டிலும் ஆறு இல்லை. பலவீனமான அரசிடம் கம்பெனி தனக்குச் சாதகமாக எழுதி வாங்கியது. பலம் வந்ததும் அரசு அதை மாற்றி எழுதியது. சட்டம் அங்கே இருந்தது. ஆனால் அதை யார்மேல், எப்போது பாய்ச்சுவது என்பதைப் பேரம்தான் முடிவு செய்தது. அப்படிப்பட்ட சட்டம் மீனையும் காப்பாற்றாது, முதலீட்டாளரையும் காப்பாற்றாது.

2022-ல் உக்ரைன் போர் தொடங்கியதும் ஷெல் வெளியேறுவதாக அறிவித்தது. ஜூன் 30 அன்று ஒரே ஆணையில் புதின் மொத்தத் திட்டத்தையும் புதிய ரஷ்ய நிறுவனத்துக்கு மாற்றினார். எரிவாயு தேவைப்பட்ட ஜப்பானியர்கள் புதிய நிபந்தனைகளை ஏற்று அங்கேயே இருக்கிறார்கள். இந்த முறை மீனைப் பற்றிப் பேச வேண்டிய அவசியம்கூட யாருக்கும் வரவில்லை.